எண்ணெய்க் கையும் ஊசி போட்ட காலும்

சாரல் மாதங்களில் பலவேசத்தின் கைகளுக்கு ஓய்வு கிடையாது. ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் தார்ப்பாய்க்குக் கீழே நீளப் பலகை ஒன்றைப் போட்டு, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து விடுவது அவன் தொழில். முதுகில் கை வைத்ததுமே, இந்த ஆள் எந்தத் தோளில் பை மாட்டுகிறவர், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவர் என்று அவனுக்குப் பிடிபட்டுவிடும். சதை முடிச்சு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து, வட்டமாக உருவி, அது கரைந்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர்வான். யாராவது வலியில் முனகினால், "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, கட்டி கரைஞ்சிட்டுன்னா காத்தா நடப்பிய" என்பான். பெரும்பாலும் அப்படியே நடந்தது. அதனால் தன் கையைச் சந்தேகப்பட வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததே இல்லை.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவனுக்கும் முத்துசெல்விக்கும் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. முத்துசெல்விக்குச் சொந்த ஊர் அச்சன்புதூர். தாய் இறந்துவிட்டாள். அப்பாவும் வயலும் உண்டு. பிள்ளை பெற்றவளைப் பக்குவம் பார்க்க அந்த வீட்டில் ஒரு பெண் இல்லை. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக அவர்கள் குடியிருந்த மேலகரத்து வாடகை வீட்டுக்கே வந்தாள். பலவேசம் சீசன் நடுவில் தார்ப்பாயைச் சுருட்டி வைத்தான்.

பக்கத்துப் பலகையில் தேய்த்துக்கொண்டிருந்த நாசர் சிரித்தான். "ஏலே, ஊரே அருவிக்கு வருது. நீ வீட்டுல போயி தாயா இருக்கப் போறியா?"

"ஆமா. ஒனக்கு ஆளு வேணும்னா என் கூட்டத்தையும் நீயே தேச்சுவிடு."

கிராமத்து நர்ஸ் கிறிஸ்டி ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள் சொன்னதையெல்லாம் பலவேசம் தட்டாமல் செய்தான். தொப்புள் கொடியில் எதையும் வைக்கக் கூடாது, காய்ந்து தானாக விழட்டும் என்றாள்; சாம்பல் வைக்கச் சொல்லி வந்த தெருக்காரிகளை அவன் வாசலிலேயே நிறுத்தினான். தாய்ப்பாலைத் தவிர தண்ணீரோ தேனோ நாக்கில் படக் கூடாது என்றாள், படவில்லை. பெற்றவளுக்குத் தயிர் ஆகாது, பழம் ஆகாது, தண்ணீரைக் குறை என்று ஊர் சொன்னதற்கு, எல்லாம் சாப்பிடட்டும், தாகத்துக்கு நிறையக் குடிக்கட்டும் என்று கிறிஸ்டி சொன்னாள். அவன் பருப்பும் கீரையும் முட்டையும் ஆக்கிப் போட்டான். சாரல் காலத்தில் துணி காயாது. பிள்ளையின் துணிகளைக் கொடியில் உலர்த்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சூடாகத் தேய்த்து மடித்தான்.

ஒருநாள் முத்துசெல்வி காரணம் சொல்லத் தெரியாமல் அழுதாள். அவன் பயந்துபோய்க் கிறிஸ்டிக்குப் போன் செய்தான்.

"பிள்ள பெத்த புதுசுல வரும் அண்ணே. நல்லாத் தூங்க விடுங்க. தொடர்ந்து அழுதாலோ, சாப்பிட மாட்டேன்னாலோ, காய்ச்சல், ரத்தப்போக்குன்னு எது வந்தாலும் ஒடனே கூப்பிடுங்க."

அன்று முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனே நடந்தான். பாலுக்கு மட்டும் அவளை எழுப்பினான். தெரியாத விஷயங்களில் அவன் ஒரு தவறும் செய்யவில்லை. தவறு நடந்தது அவனுக்குத் தெரிந்த இடத்தில்.

ஒன்றரை மாத ஊசிக்கு அங்கன்வாடிக்குப் போனார்கள். போலியோ சொட்டு மருந்து கொடுத்து, ஊசிகள் போட்ட பிறகு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வைத்துக் கிறிஸ்டி சொன்னாள்: "காய்ச்சல் வரலாம், எழுதிக் கொடுத்த அளவுல சொட்டு மருந்து கொடுங்க. தொடையில சின்னதாக் கட்டி வரும், தானா அமுங்கிரும். தேய்க்கக் கூடாது, ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் கிட்டவே போகக் கூடாது."

சாயங்காலம் பிள்ளையின் இடது தொடையில் கட்டி வந்தது. பலவேசத்தின் கட்டைவிரல் அதைக் கண்டுகொண்டது. தான் தினம் தினம் கரைக்கிற அதே பொருளாகத்தான் அவனுக்கு அது தோன்றியது. எண்ணெயை வெதுவெதுப்பாக்கினான்.

"நர்ஸம்மா வேண்டாம்னாங்களே" என்றாள் முத்துசெல்வி.

"ஏட்டி, அது கை தெரியாதவங்களுக்குச் சொன்னது."

பிள்ளை வீரிட்டது. உருவ உருவ, அழுது களைத்து உறங்கியது. அந்த உறக்கத்தைச் சுகம் என்று அவன் எடுத்துக்கொண்டான். மறுநாளும் தேய்த்தான், அதற்கு அடுத்த நாளும் தேய்த்தான். தொடை சிவந்து பளபளத்தது. காய்ச்சல் திரும்பி வந்தது. காலை அசைத்தாலே பிள்ளை கதறியது.

அதற்கும் மறுநாள் காலையில் கிறிஸ்டியின் ஸ்கூட்டர் தெருவுக்குள் வந்தபோது அவன் அதை மறித்தான். "என்ன ஊசியப் போட்டிய? நல்லா இருந்த பிள்ளைய இப்படி ஆக்கிட்டியளே!" வாழ்நாளில் அவன் அப்படிக் கத்தியதில்லை. வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். எதிர் வீட்டு ஜெனோ, அன்றைக்கு ஊசிக்குப் போகத் தன் மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவள், மாட்டிய சட்டையைக் கழற்றினாள். கிறிஸ்டி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினாள். பிள்ளையின் காலைப் பார்த்தாள். "மொதல்ல தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, ஆட்டோ சொல்லுதேன்" என்றாள்.

தென்காசியில் டாக்டர் தொடையைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். "தேய்ச்சீங்களா?"

"எண்ணெய் போட்டு உருவிவிட்டேன் சார். கட்டி கரையணும்லா?" ஒளிக்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவன் நினைக்கவில்லை.

"அது கரைக்க வேண்டிய கட்டி இல்லப்பா. மருந்து உடம்புல சேருற இடம். நீங்க அழுத்தி அழுத்தி உள்ள சதையையும் மேல தோலையும் புண்ணாக்கிட்டீங்க. கிருமி போயிச் சீழ் கட்டியிருக்கு."

சின்னதாகக் கீறிச் சீழை எடுத்தார்கள். பிள்ளையின் குரல் கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தபோது பலவேசம் தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். புண் ஆறியதும் அடுத்த ஊசியை மற்றத் தொடையில் போட்டுவிட வேண்டும், நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஊசி போடாமல் விட்டு, இந்த வயதுப் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தால் மூச்சே நின்றுபோகக் கூடும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து முத்துசெல்வி பேசியது ஒரே ஒரு முறை. "இனி ஊசியும் வேண்டாம். ஒங்க கையும் வேண்டாம்."

அதற்குப் பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் அவள்தான். அவன் அருகில் வந்தால் பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் மாற்றிக்கொள்வாள். வசவு ஒன்றும் இல்லை. அவன் சமைத்ததைச் சாப்பிட்டாள், துவைத்த துணியை வாங்கிக்கொண்டாள். அறியாமல் செய்ததுதானே என்று அவன் தனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தான். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அது அறியாமல் செய்தது அல்ல, சொல்லக் கேட்ட பிறகு, எனக்குத் தெரியும் என்று செய்தது. அந்த வித்தியாசத்தை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவனே கண்டுகொண்டான்.

புண் ஆறியது. ஊசி நாள் நெருங்கியது. தெருவில் ஜெனோ மட்டுமல்ல, இன்னும் சிலரும் போகப்போவதில்லை என்று காதில் விழுந்தது. எல்லாரும் அவன் பிள்ளையின் காலைத்தான் காட்டிப் பேசினார்கள். பலவேசம் கிறிஸ்டியைத் தேடிப் போனான்.

"மன்னிச்சிருங்கம்மா. தப்பு என் கையில."

கிறிஸ்டி மருந்துப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எங்கிட்ட வந்து சொல்லுதிய. சத்தம் போட்டது தெருவுலல்லா?"

ஊசி நாளன்று தண்ணீர் வருகிற நேரம். தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக இருந்தன. பலவேசம் குடம் இல்லாமல் வந்து நின்றான்.

"என் பிள்ள காலு ஊசியால கெடல. தேய்க்காதன்னு சொல்லியும் நான் எண்ணெய் போட்டுத் தேச்சேன். அதுல சீழ் வச்சிட்டு. டாக்டரே சொல்லிட்டாரு. நர்ஸம்மா மேல குத்தம் இல்ல. நான் கத்துனதக் கேட்டு யாரும் பிள்ளைய வீட்டுல வச்சிராதீங்க."

ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள். "தேய்க்கதுக்கு ஊருபூரா ஆளு இருக்கே அண்ணாச்சி, பெத்த பிள்ளதான் கெடச்சுதா?"

சிலர் சிரித்தார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டான். ஜெனோ சிரிக்கவில்லை. "ஒங்க பிள்ளைக்கு இன்னிக்குப் போடுதியளா அண்ணே?" என்று கேட்டாள்.

அவன் தன் வீட்டு வாசலைப் பார்த்தான். முத்துசெல்வி நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஊசி அட்டைய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஜெனோ தன் மகனோடு பின்னால் வந்தாள். மற்றவர்கள் வரவில்லை. ஒருவேளை அடுத்த முறை வருவார்கள், வராமலும் போகலாம். ஒரு தெரு நடுங்க ஒரு சத்தம் போதும். அந்த நடுக்கத்தை எடுப்பதற்கு ஒரு பேச்சு போதாது.

அங்கன்வாடியில் முத்துசெல்வி பிள்ளையை மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்டி வலது தொடையில் ஊசி போட்டாள். பலவேசம் சுவரோரம் நின்றான். கிறிஸ்டி பழைய பேச்சு எதையும் எடுக்காமல், முன்பு சொன்னதையே எழுத்து மாறாமல் மறுபடியும் சொன்னாள்; தேய்க்கக் கூடாது என்ற இடத்தில் மட்டும் அவன் பக்கம் திரும்பினாள். அவன் தலையாட்டினான்.

சாயங்காலம் கட்டி வந்தது. பிள்ளைக்கு லேசாகச் சூடும் இருந்தது. காய்ச்சலுக்கான சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். முத்துசெல்வி பால் கொடுத்துப் பார்த்தாள், தோளில் போட்டுப் பார்த்தாள். வெளியே சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் சொருகின. சுவரில் சாய்ந்தபடியே கேட்டாள்.

"தொடாம வச்சிருப்பியளா?"

"வச்சிருக்கேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவன் மடியில் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே பாயில் படுத்தாள். கண்ணை மூடவில்லை.

பிள்ளை சிணுங்கி, பிறகு அழுதது. வலது தொடையில் அந்தக் கட்டி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷம் உடம்புகளைத் தொட்டு வலியை வாங்கிய கட்டைவிரல் தன்னால் அசைந்தது. பலவேசம் அதை மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டான். இன்னொரு கையால் பிள்ளையின் தலையை மட்டும் தாங்கியிருந்தான். அழுகை உடனே நிற்கவில்லை. அது அழுதபோதெல்லாம் அவன் ஒன்றும் செய்யாமல், கூட இருந்தான்.

அவன் மறுபடி பார்த்தபோது முத்துசெல்வி தூங்கியிருந்தாள்.