பூட்டிய மருந்துப் பெட்டி

என் வீட்டுக்காரர் மரப்பட்டறை ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறார். ஆணி, பசை, உப்புத்தாள் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். வீட்டில் அவர் வாயில்லாப் பூச்சி. நான் பத்து வார்த்தை கத்தினால் ஒரு பதில் வரும், அதுவும் "சரி" என்றுதான் இருக்கும். ஆனால் பட்டறையில் யாராவது காயத்தில் அழுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றால் போதும், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார்.

அவர் இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு உளி பட்ட சின்னக் காயம் அது. யாரோ எண்ணெய்த் துணியைக் கிழித்துச் சுற்றிவிட, சீழ் பிடித்து, கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் முதலுதவிப் பெட்டி தன் பொறுப்புக்கு வந்ததும் எங்கள் வீட்டு அலமாரியைவிடச் சுத்தமாக வைத்துக்கொண்டார். பஞ்சு, பேண்டேஜ் சுருள், பிளாஸ்டர், கத்தரி, சிராய் எடுக்க இடுக்கி, தீக்காயக் களிம்பு, கையுறை, கை ஒடிந்தால் தொட்டில் கட்ட முக்கோணத் துணி. ஒவ்வொன்றின் காலாவதித் தேதியும் அவருக்கு மனப்பாடம். என் பிறந்த நாள் மட்டும் இருபது வருஷமாக ஞாபகமில்லை.

பூட்டு பிறகுதான் வந்தது. ஒருமுறை சோதனைக்கு ஆள் வந்து பெட்டியைத் திறந்தால் கத்தரியும் காலி பாட்டிலும்தான் கிடந்தன. பஞ்சு மெஷின் துடைக்கப் போயிருந்தது, பிளாஸ்டர் அவரவர் பிள்ளைகளின் முழங்காலுக்குப் போயிருந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் இவரைக் கிழி கிழியென்று கிழித்தார். மறுநாளே இவர் கனமான பூட்டு ஒன்றை வாங்கி மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து பட்டறையில் அவர் "பூட்டண்ணன்".

கேலி செய்தாலும் காயம் பட்டால் அவரிடம்தான் ஓடிவருவார்கள். கழுவும்போது எரிச்சல் தெரியாமலிருக்க ஊதிக்கொண்டே இருப்பார். மீசை வைத்த ஆம்பிளைகள் குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். தாங்களே கட்டிக்கொள்ள ஒருவரும் பழகவில்லை. பூட்டண்ணன் இருக்கும்போது எதற்கு?

ரம்பத்தில் நிற்கும் மாப்பிள்ளையும் அப்படித்தான். குடிக்காத, தொழில் தெரிந்த பிள்ளை என்று இவரே பார்த்துப் பிடித்து, தன் தங்கைக்குக் கட்டிவைத்த மனுஷர் அவர். மச்சான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

அன்றைக்குக் காலை பதினொரு மணி. தீக்காயக் களிம்புக்கு அந்த மாதத்தோடு தேதி முடிகிறது என்று புதிது வாங்க இவர் பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்குப் போனார். சாவி இடுப்பில். அந்த நேரம் பார்த்துப் பலகை துள்ளி, மாப்பிள்ளையின் கையை ரம்பம் ஆழமாகக் கிழித்துவிட்டது. முழங்கைக்கு மேலே, உள்பக்கம். ரத்தம் நிற்கவே இல்லை. அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். எங்கே போனார் என்று தெரியாமல் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இவரைத் தேடி ஓடினார்கள். ஒருவர் சுத்தியலால் பூட்டை அடித்தார். பார்த்துப் பார்த்து வாங்கின பூட்டு, அசையவில்லை.

இவர் ஓடிவந்தபோது பெட்டிப் பக்கமே போகவில்லையாம். தோளில் கிடந்த துண்டை உருவிக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். ஆட்டோவிலும் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை போய்விட்டார். "கொஞ்சம் முன்னாடியே யாராவது இப்படி அழுத்திப் புடிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது இவர் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பட்டறையில் அத்தனை பேர் வாயும் தானாகவே மூடிக்கொண்டது. பூட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை, இவர் மேல் அவ்வளவு பிரியம். என் நாத்தனாரோ வந்தவர்களிடமெல்லாம், "எங்கண்ணன் புடிச்ச பிடியிலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் உசிரு இருந்துச்சு" என்று சொல்லி அழுதாள். அவள் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் இவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

பூட்டை எடுத்துவிட்டார். பெட்டி மூடியின் மேல், "முதலில் கையால் அழுத்து. எந்தத் துணியானாலும் சரி" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். சோறு இறங்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு நாள், "தங்கச்சிக்கிட்ட சொல்லிடுறேன்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "சொன்னா போன உசிரு திரும்புமா? அவளுக்குன்னு இருக்குறது நீங்க ஒருத்தர்தான். அதையும் புடுங்கிக்கப் போறீங்களா?" என்று கத்தினேன். வழக்கமான "சரி" வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

நாத்தனார் குழந்தையின் கவுனுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இவர் உட்காரவில்லை.

"பெட்டி பூட்டியிருந்துச்சும்மா. சாவி எங்கிட்ட. நான் கடைக்குப் போயிருந்தேன்."

அவள் ஊசியை நிறுத்தினாள். "எவ்வளவு நேரம்ணா?"

"கால் மணி நேரம்."

"அத்தனை பேரு இருந்தாங்களே. ஒருத்தர்கூடவா ஒரு துணியை வச்சுப் புடிக்கல?"

பழியை அவர்கள் மேல் போட்டுவிடுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் அப்போது அதைத்தான் நினைத்தேன்.

"பாலிஷ் போடுறவரு சட்டையைக் கழட்டிட்டு ஓடியாந்தாராம். மாப்பிள்ளைதான் வேணாம்னு தள்ளிவிட்டுட்டாராம்."

"ஏன்?"

அடுத்து சொன்னதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

"'அழுக்குத் துணி வைக்காதீங்க, மச்சான் திட்டுவாரு. இப்ப வந்துடுவாரு, அவரே கட்டட்டும்'னு சொன்னாராம்."

நாத்தனார் ஊசியைக் கவுனில் குத்தி, மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "நீ போனப்ப அவருக்கு நினைவு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சும்மா."

"என்ன சொன்னாரு?"

"'வந்துட்டீங்களா மச்சான்'னு சிரிச்சாரு. இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுட்டாரு."

அவள் அழுவாள் என்று நான் பக்கத்தில் போனேன். அழவில்லை. அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு உன்னை இவ்வளவு நம்பாம இருந்திருக்கலாம்ணா" என்றாள்.

அதுதான் கடைசி. இரண்டு வருஷமாகிறது, எங்கள் வீட்டுக்கு வருகிறாள், என்னோடு பேசுகிறாள். அவரோடு பேசுவதில்லை.