சவரிமுத்து அண்ணன் ஓட்டிய கடைசி லாரி

செய்தி வந்தபோது நான் புக்கிங் ஆபீஸில் இருந்தேன். சேலத்துக்கு நெல் ஏற்றப்போகும் வண்டிக்கு டிரைவராக யாரை அனுப்புவது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா போன் செய்தாள். சவரிமுத்து அண்ணனின் ஒரே மகள். சென்னையில் நர்ஸாக இருக்கிறாள். "மாமா, நைனா போயிட்டாரு" என்றாள். எத்தனையோ குடும்பங்களுக்கு இதே செய்தியைச் சொல்லிப் பழகிய குரல் அது. பிறகு போனை வைக்காமல் அப்படியே இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. 

செஞ்சி லாரி ஸ்டாண்டில் வண்டி போட்டவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிருந்து நெல்லும் வேர்க்கடலையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர், சேலம், கோயம்புத்தூர் என்று பாதி ஆயுளுக்கு மேல் ஓட்டியவர். லோடு எழுதிக் கொடுக்கும் கிளார்க் நான். ஒருமுறை மழை இருட்டிக்கொண்டு வந்தது. வியாபாரி ஒருவர் சீக்கிரம் கிளம்பச் சொல்லிக் கத்தினார். அண்ணன் வண்டியை விட்டு இறங்கிப் போய் டீ சொன்னார். வியாபாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஸ்டியரிங்ல ஒக்காந்தவனுக்கு அவசரம் வரக் கூடாது. வந்துட்டா எறங்கி ஒரு டீ குடிச்சிடணும்" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் வண்டி எங்கும் மோதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மோதியது சர்க்கரை நோய். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவது அவர் வழக்கம். கால்கள் எப்போது மரத்துப்போயின என்று அவருக்கே தெரியாது. கேபினில் இன்ஜின் சூட்டில் இடது பாதம் வெந்துகொண்டிருந்ததை உணராமலேயே ஓசூரிலிருந்து ஓட்டிவந்தார். வீட்டில் இறங்கியபோது அவர் மனைவி ஆரோக்கியம் அக்காதான் பார்த்து அலறினார். புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன்பின் அவர் அனந்தபுரம் ரோட்டு வீட்டில் வாசலைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி, லோடா காலியா என்று சொல்வார். சில மாதங்களில் அதையும் விட்டுவிட்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அக்கா ஒருநாள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "ஏழுமல, வச்ச சோறு வச்ச எடத்துலயே இருக்குது. ஊசியும் போட்டுக்க மாட்டேங்கறாரு. இன்னா பண்றதுன்னே தெரியல."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா சென்னையிலிருந்து ஒரு கேம் கன்சோல் வாங்கி வந்தாள். டிவியில் சொருகி, ஒரு கார் பந்தயத்தைப் போட்டு, கட்டுப்படுத்தும் கருவியை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் விரல்களும் அப்போது மரத்துக்கொண்டிருந்தன. "பட்டனை அமுக்கினேனா இல்லியான்னே தெரியலயேம்மா" என்றார். பந்தயத்தில் மற்ற கார்கள் பறந்தன. அவர் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துக் கடைசியாக வந்தார். "இதுல ஒருத்தனும் லோடு ஏத்த மாட்டானா?" என்று கேட்டார். ஸ்டெல்லா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கருவியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டால் திறந்து பார்ப்பவன் நான். என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழைய பாகங்களில் ஒன்று சேர்த்துக் கொடுத்திருந்தேன். ஸ்டெல்லாவுக்குப் பிடிக்கவில்லை.

"கன்சோல்னா சொருகினா ஓடும் மாமா. நீங்க சொல்றது பார்ட் பார்ட்டா தேடிச் சேக்கறது. நடுவுல நின்னுபோச்சுன்னா யார் பாக்கறது?"

"நான் பாக்கறேன்மா."

அவள் சொன்னதில் தப்பில்லை. கன்சோல் மக்கர் செய்யாது; வாங்கிய அன்றே ஓடும். கம்ப்யூட்டருக்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் செலவும் பெரிதாகக் குறையப்போவதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. கன்சோல் தனக்கென்று செய்த ஸ்டியரிங்கைத்தான் ஏற்றுக்கொள்ளும்; அது எங்களுக்குக் கட்டுபடியாகாத விலை. அந்த லாரி விளையாட்டும் அவள் வாங்கிய கன்சோலுக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் எதைச் சொருகினாலும் என்ன இது என்று கேட்கும். நாம் சொன்னால் கேட்டுக்கொள்ளும். இதுதான் பிரேக், இதுதான் கியர் என்று நாமே சொல்லிக்கொள்ளலாம். ஒரு கால் இல்லாதவருக்கு அதுதான் தேவைப்பட்டது.

ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று புதுச்சேரியில் கிடைத்தது. அதன் பவர் சப்ளை சின்னது. அதனால் தனியாகக் கரன்ட் ஒயர் கேட்காத கிராபிக்ஸ் கார்டாகத் தேடவேண்டியிருந்தது. ரேமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கை மாற்றினோம். யாரோ விளையாடிச் சலித்த ஸ்டியரிங்கும் பெடலும் கிடைத்தன. எல்லாவற்றையும் அண்ணனின் எதிரில் பரப்பிவைத்துத்தான் சேர்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல எது சூடாவும்? அத மொதல்ல காட்டு." காட்டினேன். விசிறி சுற்றுகிறதா என்று கையை அருகில் கொண்டுபோனார். கைக்குக் காற்று தெரியவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

டிவியில் லாரியின் உட்பக்கம் தெரிந்ததும் உடனே கிளப்பவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். கிளட்ச் வேண்டாதபடி வைத்திருந்தேன். வலது கால் மெல்ல இறங்கியது. அக்கா சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். மறுநாள் காலையில் அண்ணனே கூப்பிட்டு, "ஆரோக்கியம், ஊசியப் போட்டுடு. வண்டி எடுக்கணும்" என்றாராம். அக்கா இதை எனக்குப் போனில் சொல்லி அழுதார்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினார். முகம் தெரியாத யாரோ ஆர்வத்தில் வரைந்து இலவசமாகப் போட்டிருந்த நம் ஊர்ச் சாலைகளை அதில் சேர்த்துக் கொடுத்தேன். டீக்கடை, சுங்கச்சாவடி, குறுக்கே வரும் மாடு எல்லாம் இருந்தன. திண்டிவனம் வந்தது. செஞ்சி வரவில்லை. "மலைய எங்கடா தூக்கினு போனானுங்க?" என்று திரும்பத் திரும்பத் தேடினார். ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். "இதுக்கு வாடகை எவன்ணே குடுப்பான்?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அண்ணன் நாற்காலியை விட்டு நகர்ந்து, "நீ ஓட்டு, பாக்கலாம்" என்றார். கிண்டல் செய்தவர் அடுத்த வளைவிலேயே வண்டியைக் கவிழ்த்தார். அன்று அண்ணன் சிரித்ததைத்தான் நம்மில் பலர் கடைசியாகப் பார்த்தோம்.

இந்த ஆண்டு மழை தொடங்கும்போது வலது குதிகாலில் புண் வந்தது. எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். செருப்பா, கோயிலுக்குப் போன வழியில் கல்லா, பெடலா, யாருக்கும் தெரியவில்லை. நான் போய்ப் பெடலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கூர்மையாக எதுவும் இல்லை. மரத்துப்போன காலைக் கிழிக்கக் கூர்மை தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பாதத்தை எடுக்கவேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். "ஒரு கால் குடுத்துட்டேன். இது என் பிரேக்கு. இதையும் குடுத்துட்டுச் செவுத்தப் பாத்துக்கினு ஒக்கார மாட்டேன்." ஆபரேஷன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா என்னை வாசலில் நிறுத்தினாள்.

"நீங்க அந்தப் பொட்டிய செஞ்சு குடுக்காம இருந்திருந்தா நைனா இந்நேரம் ஆபரேஷனுக்கு ஒத்துக்கினு இருப்பாரு. இல்லியா மாமா? நீங்களே சொல்லுங்க."

"அது இல்லாம இருந்திருந்தா உங்க நைனா அன்னிக்கே போயிருப்பாரு" என்று என்னால் சொல்லியிருக்க முடியும். ஆனால் அவள் நர்ஸ். அந்தப் புண்ணின் வாடை எங்கே போய் முடியும் என்று அந்த வீட்டிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

விமானம் ஓட்டும் விளையாட்டுக்கான பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பலகையில் அதைத் திருகினேன். முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் பிரேக். பெடலைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். அண்ணன் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் தூக்கிவைத்தோம்.

முதலில் சுங்கச்சாவடியை இடித்தார். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளவேண்டிய இடத்தில் இழுத்தார். லாரி குலுங்கி நின்றது. பழக்கத்தில் வலது கால் ஸ்டூலில் அமுங்கி அமுங்கி எழுந்தது. கட்டுத் துணியில் ரத்தம் கசிந்தது. ஸ்டெல்லா எழுந்து வந்து காலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வண்டியை மீண்டும் எடுத்தார். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் லாரி ஒரு நீண்ட இறக்கத்தில் சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் கைகளுக்குள் அந்தக் கால் அசையாமல் இருந்தது. சாலையோரம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்தார். ஸ்டெல்லாவின் தலையில் கைவைத்தார்.

"ஆரோக்கியம், ஆட்டோவுக்குச் சொல்லு" என்றார்.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஆறுதல் சொல்லவேண்டும் என்று குனிந்தேன். "பிரேக்கு ரொம்பக் கடிக்குதுடா. கொஞ்சம் எளக்கி வையி, வந்து பாக்கறேன்" என்றார். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் அதைச் சரிசெய்தேன். காலை எடுத்துவிட்டார்கள். ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. அவர் கண் திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தபின் ஸ்டெல்லா கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள். அவர் ஒதுக்கி நிறுத்திய இடத்திலேயே லாரி நின்றிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டினாள். ஜாய்ஸ்டிக்கை இழுத்தாள். வண்டி குலுங்காமல் நின்றது. "சின்ன வயசுல நான் கேபின்ல தூங்கிக்கினு வருவேன் மாமா. வண்டி நின்னதே தெரியாது" என்றாள். வாசலில் என்னிடம் கேட்டதை அவள் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெறவேண்டியதுமில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது; இனித் தெரியப்போவதும் இல்லை. அது என்னோடு இருக்கும்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறொன்று. பயந்து மறுத்த மனிதர், பெற்ற மகள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, கையால் ஓட்டக் கற்றுக்கொண்டு, கற்ற அந்த நிமிடத்திலேயே காலைக் கொடுக்கக் கிளம்பினார். தாமதமாகிவிட்டது. ஆனாலும் கிளம்பினார். ஆட்டோவில் அவரைத் தூக்கி ஏற்றியது நானும் ஸ்டெல்லாவும்தான். அப்போது அவர் என் தோளில் போட்ட கையின் கனம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.