மிளகாய் போடாத மீனும் அப்பாவின் வெள்ளை ஒயினும்

2023 டிசம்பர் 27, புதன்கிழமை, பிற்பகல் ஒன்று இருபதுக்கு அப்பா அந்தப் பாட்டிலைத் திறந்தார். சரக்குக் கப்பலில் சமையற்காரரான அவர் மறுநாள் காலை விமானமேறிக் கப்பலுக்குப் புறப்பட வேண்டும். அதன்பின் ஒன்பது மாதங்கள் ராயபுரம் வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே. போர்ச்சுகல் துறைமுகம் ஒன்றில் வாங்கிய வெள்ளை ஒயின் அது.

எங்களுக்குத் தெரிந்த ஒயின் வேறு. கறுப்புத் திராட்சையையும் சர்க்கரையையும் கிராம்பையும் நவம்பரிலேயே ஜாடியில் ஊறப்போட்டு, கிறிஸ்துமஸ் அன்று கேக்குடன் பரிமாறுவோம். அம்மா இதையும் அப்படியே எண்ணி, மிஞ்சியிருந்த பிளம் கேக்கைத் தட்டில் வைத்தார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார்.

“இன்னாங்க இது, காடி மாதிரி கீது! கப்பல்லயே கெட்டுப் பூட்ச்சா?”

“கெட்லாம் போவல. இது இனிப்பே இல்லாத ஒயினு.”

“இனிப்பில்லாம இன்னாத்துக்கு ஒயினு?” என்று அம்மா தம் கிளாஸில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

அப்பா என்னைப் பார்த்தார். கேக் தின்ற நாக்கில் எனக்கும் அது வெறும் புளிப்பாகவே பட்டது.

“நல்லாருக்குப்பா,” என்றேன்.

“மூஞ்சியிலயே தெரியுது. பொய் சொல்லாத,” என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. “கப்பல் அங்க நிக்கசொல்ல, கரையில ஒரு கடையில குந்துவேன். இத்தயும் மீனயும்தான் வாங்குவேன். ஒவ்வொரு வாட்டியும் உங்க நெனப்புதான். அங்க நான் இன்னா துன்றேன்னு உங்களுக்கும் தெரியணும்னு ஒரு ஆசை, அவ்ளோதான்.”

“மீன் எப்படிப்பா இருக்கும்?”

“உப்பு, எலுமிச்சம்பழம். வேற ஒண்ணும் கெடயாது.”

அடுக்களையில் சங்கரா மீனுக்கு மிளகாய்த்தூள் தடவப் போன அம்மாவிடம், இரண்டு துண்டுகளை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன்.

“மொளகா இல்லாம மீனா? வூட்ல யாருக்கு ஜொரம்? கப்பலுக்குப் போற மனுசனுக்குப் பத்தியம் போட்டு அனுப்புனேன்னு தெருவே சிரிக்கும்!”

திட்டிக்கொண்டேதான் பொரித்தார்.

எலுமிச்சை பிழிந்த சூடான மீனைத் தின்று, ஒரு வாய் பருகினேன். எண்ணெயின் கனத்தை ஒயின் துடைத்தெடுத்தது. சங்கராவுக்குள் ஒரு மெல்லிய இனிப்பு இருப்பதை இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் அறிந்தேன். மிளகாய்த்தூள் தடவிய துண்டோடும் குடித்துப் பார்த்தேன். நாக்கு எரிந்தது, ஒயின் கசந்தது. உப்பு மீனுக்கே திரும்பினேன்.

பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு முறை பொய்யாகச் சொல்லியாகிவிட்டது. காலிக் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அப்பா நிரப்பினார்.

“இன்னாடி, அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே ஜொரமா?” என்றார் அம்மா.

என்னால் சிரிக்க முடியவில்லை. இதே ருசியை எத்தனை முறை அவர் யாரிடமும் பகிராமல் விழுங்கிவிட்டு, எழுந்து கப்பலுக்குத் திரும்பியிருப்பார் என்று எண்ணினேன். அவர் எதிரே அமர்ந்திருக்கும்போதே அவருக்காக ஏங்கினேன்.

மறுநாள் காலை, வழக்கம்போல் வாசலிலேயே விடைகொடுக்காமல் நானும் காரில் ஏறிக்கொண்டேன். துறைமுக மதிலோரம் லாரிகளுக்குப் பின்னால் கார் நின்றபோது, அந்தக் கடையில் அவர் உட்காரும் மேசை எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கேட்டேன். அப்பா சொல்லத் தொடங்கினார். விமான நிலையம் வரும்வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.