லாரியிலிருந்து இறக்கிய டீச்சர்

கரும்பு வெட்டக் கிளம்பிய லாரியில் உட்கார்ந்திருந்த என்னை, டீச்சர் அக்குளில் கைகொடுத்து இறக்கினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். அவர் பிடியை விடவில்லை. மேலே மூட்டைகளுக்கு நடுவே நின்ற அம்மா கத்தினாள்: "பெத்தவ நானு. எம் புள்ளையப் புடிச்சி வெச்சிக்க நீங்க யாரு டீச்சர்?" டீச்சர் அண்ணாந்து பார்த்தார். "நீ போய் கரும்ப வெட்டு. இவள எங்கிட்ட வுட்டுட்டுப் போ. திரும்பி வரும்போது கொஞ்சம் குண்டாக்கித் தரேன்." லாரியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் அம்மாவால் சண்டை போட முடியவில்லை.

வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலையை ஒட்டியது எங்கள் ஊர். கார்த்திகை தீபம் முடிந்ததும் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். வெட்டு முடிந்து பெற்றவர்கள் திரும்பும்வரை, படிப்பு கெடக் கூடாதென்று இறக்கப்பட்ட பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் டீச்சர் வாடகைக்கு இருந்த வீட்டில்தான். அந்த வீடு எங்களுக்கு ஆனந்தமாக இருந்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அழுதோம். அவரை வெறுத்தோம். தட்டை நான் தள்ளிவிட்டபோது, "அழுதுக்கினே சாப்புடு, பரவால்ல. சாப்புடாம அழாத" என்றார். கள்ளக்குறிச்சிக்கே மாற்றல் கிடைத்தும் அவர் போகவில்லை என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன மழைக்காலத்தில் டீச்சர் இறந்துபோனார். பழைய மாணவர்கள் நாங்கள் படத்திறப்பு வைத்தோம். ஃபிளெக்ஸ், மைக் செட், ஊர் முழுக்க அழைப்பு என்று எல்லா வேலையிலும் நான்தான் முன்னால் நின்றேன். மேடையில் மூச்சு விடாமல் பேசினேன். டீச்சர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று நான் சொன்னதும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள்: "இன்னாத்த தொடரப் போற? நீதான் தை பொறந்தா வேலைக்கு மெட்ராஸ் போறியே." எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதால் வந்த கோபம்.

மார்கழியில் லாரி வந்தது. பிள்ளைகளை இறக்க வாருங்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கட்டைவிரல்கள் உயர்ந்தன. விடியற்காலைப் பனியில் லாரியின் முன்னால் நான் ஒருத்திதான் நின்றேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய அம்மாவிடம் சட்டம் சொன்னேன், உரிமை சொன்னேன், என் கதையையும் சொன்னேன். அந்த அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி பாப்பா. சாயங்காலம் பள்ளிக்கூடம் வுட்டா இவ யார் வூட்டுக்குப் போவா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி எட்டிப் பார்த்து, "படிச்ச பொண்ணே, மீட்டிங் முடிஞ்சிதா? வண்டிய எடுக்கலாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு டீச்சர் பக்கம் இருந்த சிரிப்பு, இந்த முறை என் பக்கம் இல்லை.

"எங்க வூட்டுக்கு" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன்.

அந்த அக்கா என்னையே பார்த்தாள். பிறகு மகளைத் தானே தூக்கி இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாரியில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். இன்னொருத்தி தன் மகனைத் தோளில் பிடித்து முன்னால் தள்ளி, "இவனையும் வெச்சிக்கிறியா?" என்று கேட்டாள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. நான் தலை குனிந்தேன். லாரி கிளம்பியது. போன பிள்ளைகள் ஊர்வலம் போவதுபோல் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். டீச்சர் இருந்திருந்தால் அத்தனை பேரையும் இறக்கியிருப்பார்.

அம்மா இப்போதெல்லாம் வெட்டுக்குப் போவதில்லை. சாயங்காலம் அவள்தான் சோறு போட்டாள். அந்தப் பெண் தொடவில்லை. வெகுநேரம் கழித்து, "அக்கா, எங்கம்மா வர்ற வரைக்கும் நீங்க இங்க இருப்பீங்களா?" என்றாள்.

டீச்சரிடம் இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் போய்விடக்கூடும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நான் இருக்கறன்டி. எங்க போவப் போறேன்? நீ துன்னு."

அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.