கடைசி வாசலில் நின்றது யார்?

சாணத்தின் வாடையோடுதான் அந்தப் பங்குனிக் காலை எனக்கு விடிந்தது. வக்கீலான என் அம்மாவின் பெயர்ப்பலகை முழுக்க யாரோ அதை அள்ளிப் பூசியிருந்தார்கள். காரைக்குடியில் எங்களுக்கு அடுத்த தெருவில், பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றைக் காவல் காத்துவந்த கணவனும் மனைவியும் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கே வயரிங் வேலை பார்த்துவந்த செல்வத்தைப் போலீஸ் பிடித்திருந்தது. அவருக்காக வாதாட அம்மா ஒப்புக்கொண்டிருந்தார். "ரெண்டு உசுரு போயிருக்கு, இவுக அவனுக்குப் பரிஞ்சு பேசப் போறாகளே" என்று ஊரார் என் காதுபடவே பேசினார்கள். பத்து வயதில் எனக்கும் அதே கோபம்தான்.

"அவருதானம்மா கொன்னது?" என்று கேட்டேன்.

"தெரியலைடி. பாக்கத்தான் போறேன். நீயும் வா."

ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. கொலை நடந்த அன்று நண்பகலில் திறந்திருந்த முன்வாசல் வழியே பார்த்தபோது, பின்தெருவுக்குப் போகும் கடைசி வாசலில் செல்வம் நின்றதைக் கண்டதாக எதிர்வீட்டுக்காரர் சாட்சி சொல்லியிருந்தார். வழக்கே அந்தப் பேச்சின்மேல்தான் நின்றது. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, அதே நேரத்துக்கு, அம்மா என்னையும் செல்வத்தின் மனைவி பாக்கியத்தையும் அங்கே அழைத்துப் போனார்.

"இங்குட்டே நில்லு. கடைசி வாசல்ல யாரு வந்து நிக்கிறாகன்னு மட்டும் சொல்லு" என்று என்னைத் தெருவில் நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கழுவிவிட்ட தரையிலிருந்து பினாயில் நெடி வந்தது. நீண்ட இருட்டுக்கு அப்பால் தெரிந்த வெளிச்சத்தில் சேலை கட்டிய உருவமொன்று வந்து நின்றது.

"அம்மா! நீதாம்மா!" என்று கத்தினேன்.

"நான் இங்க இருக்கேன்டி" என்று என்னிடமிருந்து பத்தடி தள்ளி, ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

அங்கே நின்றது பாக்கியம். முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்ததால் அவருக்கு முகமே இல்லை. சொந்த அம்மாவையே தவறாகச் சொல்லிவிட்ட பயத்தில் அழுதேன். "அழாத ஆத்தா" என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்ட பாக்கியம், என்னைவிட அதிகமாக அழுதார்.

அம்மா கேட்டுக்கொண்டதால் நீதிபதியே ஒரு நண்பகலில் வந்து அந்தத் தெருவில் நின்று பார்த்தார். செல்வம் விடுதலையானார். அன்று மாலை அம்மா சந்தோஷமாகவே இல்லை; வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் தாழிட்டு, "அப்ப செஞ்சவன் வெளியதானே இருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

இன்று அந்த வீடு சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. சாட்சி சொன்னவர் இறந்துவிட்டார்; செல்வத்தின் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. கொலை செய்தவர் இன்றுவரை அகப்படவில்லை. கல்யாண வீடுகளில் உள்ளூர்க்காரர் யாராவது வந்து "நல்லா இருக்கீகளா வக்கீலம்மா" என்று விசாரித்தால், அம்மா பதில் சொல்வதற்கு முன் அந்த ஆளின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கிறார்.