பொட்டு வைத்த முறிந்த ராடுகள்

நான் எட்டாவது வரை படித்தேன். மிச்சத்தை லேத் மிஷின் சொல்லிக் கொடுத்தது. திருச்செங்கோட்டில் பட்டறை போட்டு, போர்வெல் வண்டிகளின் ராடுகளைப் பற்றவைத்தே மூன்று பெண்களைப் படிக்க வைத்தேன். ராடு என்பது பூமிக்குள் துளை போட இறங்கும் இரும்புக் குழாய். வடநாட்டில் முறிந்த ராடுகூட என்னைத் தேடி லாரி ஏறி வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான்.

கடைசி மகள் இரும்பு ஏன் முறிகிறது என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள்.

"அதுக்கு எதுக்குச் சாமி அஞ்சு வருசம்? பாரம் தாங்கல, முறிஞ்சிருச்சு. முடிஞ்சுது கதை."

"தாங்கற பாரத்துலயே திடீர்னு ஒரு நாளைக்கு முறியுது பாருங்க, அதுக்குத்தானுங்கப்பா அஞ்சு வருசம்."

லேபில் அவளே முறித்த துண்டுகள் நிறைய இருந்தன. வேலை செய்கிற இடத்தில் தானாக முறிந்தவையும் வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஆறு துண்டுகள் சேர்த்து, தனிப் பலகையில் வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் இருக்கிற இரும்பையெல்லாம் அன்று துடைத்துப் பொட்டு வைப்போம். மகள் படிப்புக்குப் போகிற இரும்பு அழுக்காக இருக்கலாமா? ஆட்கள் கையில் விடாமல் நானே உட்கார்ந்து, முறிந்த முகங்களைக் கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் போட்டு, கண்ணாடிபோல் ஆக்கினேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் வந்தவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"மொகத்தத் தேச்சீங்களாப்பா?"

"பின்னே? எப்படி மின்னுது பாரு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முறிந்த முகத்தில் மெல்லிய வரிகள் இருக்குமாம். விரிசல் எங்கே தொடங்கி எப்படி நகர்ந்தது என்பதை அந்த வரிகளில்தான் படிப்பார்களாம்.

"புள்ள படிக்கோணும்னு வெச்சிருந்த சிலேட்ட அழிச்சுப்போட்டு, அதுக்குப் பொட்டு வேற வெச்சிருக்கறீங்க," என்றாள் என் மனைவி.

அடுத்த மாதம் பேராசிரியர்கள் முன்னால் அவள் அந்த வரிகளைப் படித்துக் காட்டியாக வேண்டும். தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகும். ஜெர்மனியில் கிடைத்திருந்த ஆராய்ச்சி வேலை அதுவரை காத்திருக்காது.

"ஒண்ணே ஒண்ணு தேய்க்காதது இருந்தாலும் போதுமுங்கப்பா," என்றாள்.

ஒன்று இருந்தது. லேத்துக்கு அடியில், சாக்குக்குள், கிரீஸ் அப்பிக் கிடந்தது. நான் பற்றவைத்த இடத்திலேயே முறிந்து திரும்பி வந்த ராடு. நான் பற்றவைத்தது ஒன்றுகூட விட்டதில்லை என்று ஊருக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்ததால் அதைப் பூஜைக்குக்கூட வெளியே எடுக்கவில்லை. ஆட்களுக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது.

சாக்கோடு இழுத்து அவள் முன்னால் போட்டேன்.

"இது யாரு பத்த வெச்சதுங்கப்பா?"

"நான்தான்."

அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து போன் செய்தாள்.

"பத்த வெச்ச சூட்டோட தண்ணி ஊத்துனீங்களா?"

ஊற்றினேன். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். சூட்டில் தண்ணீர் பட்டதும் பற்றவைத்த இடத்தை ஒட்டிய இரும்பு விறைத்துப் போனதாம். அங்கேதான் மயிரிழை விரிசல் பிறந்து, ராடு சுற்றச் சுற்ற வளர்ந்ததாம். நான் வாளியைக் கவிழ்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்போலச் சொன்னாள்.

"கிரீஸ் அப்பி வெச்சதாலதான் மொகம் கெடாம இருந்துச்சு. ஆராய்ச்சிப் புத்தகத்துல பட்டறை பேரு போடட்டுங்களா?"

"வேண்டாஞ்சாமி. படத்த மட்டும் போடு."

படம் முழுப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. பட்டம் வாங்கி அவள் ஜெர்மனி போய்விட்டாள்.

இப்போது பற்றவைத்த ராடுகளைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆற விடுகிறோம். போன வாரம் ஒரு போர்வெல் வண்டி மேனேஜர் வாசலில் நின்று கத்தினார்.

"அண்ணா, வண்டி நிக்குது. ஒரு வாளி தண்ணி ஊத்திக் குடுத்துருங்க."

"இந்தப் பட்டறையில வாளியே இல்லீங்க," என்றேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து வாங்கிப் போனார்.