புகைபோக்கி வீடு

போன வாரம் பொத்தேரியில், கல்லூரிப் பிள்ளைகள் மொய்க்கும் ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தேன். ஏசி நடுக்கியது. சுவரில் செங்கல் காகிதம் ஒட்டி, கணப்பு அடுப்பு போல ஒன்றைச் செய்து, உள்ளே ஆரஞ்சு பல்பு எரியவிட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் இது என்ன கூத்து என்று சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் பழைய கரி வாசனை மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. பல்புக்கு ஏது வாசனை, சொல்லுங்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் மேற்குத் தாம்பரத்தில், கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. வேலை என்றால், டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அப்படி நின்ற இடங்களில் ஒன்றுதான் மும்தாஜ் அக்காவின் வீடு. ரயில்வேயில் இருந்த ஸ்காட்லாந்து துரை ஒருவர், ஊர் ஏக்கத்தில் தன் குடும்பத்து மாளிகையைச் சின்னதாக்கிப் பல்லாவரம் கருங்கல்லில் கட்டியது. மூலையில் கூம்புத் தொப்பி போட்ட வட்டக் கோபுரம். கொட்டும் பனி வழுக்கி விழுவதற்கென்று செங்குத்தான கூரை. குளிர் நுழையாதிருக்கக் கையகல ஜன்னல்கள். தாம்பரத்தில்! மே மாதம் அந்த மனுஷர் உள்ளே எப்படித்தான் வெந்தாரோ. வாசல் தலைக்கல்லில் அவர் நாட்டு முட்பூவைச் செதுக்க வைத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் அது கத்திரிக்காய்.

வீட்டின் நட்டநடுவே ஒரே புகைபோக்கி. நான்கு அறைகளும் அதன்மேல் முதுகு சாய்ந்திருந்தன, அறைக்கொரு கணப்பு. துரை ஊர் திரும்பியபோது வீட்டை வாங்கியவர் அக்காவின் அப்பா, மர வியாபாரி. அக்கா அவரை அத்தா என்பார். மூன்று கணப்புகளில் அரிசி டிரம்மும் பழைய செருப்பும் குடியேறிவிட்டன. கூடத்துக் கணப்பில் மட்டும் ரமலான் மாதம் விறகு எரியும். நோன்புக் கஞ்சி அங்கேதான் பெரிய அண்டாவில் கொதிக்கும். சாயங்காலம் கூரைமேல் புகை தெரிந்தால் தெருவே தூக்குச்சட்டியோடு கிளம்பி வரும். யாரையும் கூப்பிட்டதே இல்லை. நாங்கள் அளவெடுத்தது ரமலானில் என்பதால் எனக்கும் தினம் ஒரு டம்ளர் கிடைத்தது.

அத்தா இறந்தபின் தம்பிகள் இருவரும் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்றார்கள். கணவரை இழந்து அங்கேயே வந்து தங்கிவிட்ட அக்கா முடியாது என்றார். இடிக்காமல் மூன்றாகப் பிரிக்க முடிந்தால் விட்டுவிடுகிறோம் என்று தம்பிகள் இறங்கி வந்தார்கள். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டது.

எங்கள் சார் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். கடைசியில், “எங்க சுவர் வச்சாலும் அந்தப் புகைபோக்கிய வெட்டித்தான் ஆகணும்மா. வெட்டினா கூரை நிக்காது” என்றார். குளிரில் எல்லோரும் ஒரே நெருப்பைச் சுற்றி இருக்கட்டும் என்று கட்டிய வீடு அது. பாகம் பிரிப்பதைப் பற்றித் துரை யோசித்திருக்க மாட்டார்.

“ஒரு அடுப்புக்காக மூணு குடும்பம் முட்டிக்கினு கெடக்கணுமாக்கா?” என்றார் பெரிய தம்பி. கெட்டவர் இல்லை, அவருக்கும் மூன்று பெண்கள்.

அக்கா சார் பக்கம் திரும்பினார். “இன்னொரு தடவ அளந்து பாருங்களேன் சார்.”

அளந்தோம். டேப் அதே கணக்கைத்தான் சொன்னது.

அடுக்குமாடி வந்தது. அக்காவுக்கு மூன்றாவது மாடி. குடிபோன பிறகு வந்த முதல் ரமலானில், பழைய ருசிக்கு ஆசைப்பட்டு ஒரு சாயங்காலம் போனேன். கேஸ் அடுப்பின்மேல் அதே பெரிய அண்டா, நிறைய கஞ்சி. மேஜையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள்.

“நோன்பு தொறக்க பாங்கு சொல்ற நேரம் ஆயிடுச்சு தம்பி. ஒருத்தரும் வரல.”

“சொல்லி அனுப்பலாமேக்கா.”

“என்னைக்குப்பா சொல்லியிருக்கோம்? பொகையப் பாத்துட்டு அவங்களே வருவாங்க.”

பால்கனியில் போய் நின்றோம். கீழே அதே தெரு, அதே ஆட்கள், கையில் அதே தூக்குச்சட்டிகள். பள்ளிவாசலில் ஊற்றும் கஞ்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா கம்பியைப் பிடித்தபடி குனிந்து வாயைத் திறந்தார். கூப்பிட வரவில்லை, பழக்கமில்லையே.